குப்பைக்கூடைக்குத் தப்பிய ஐந்து பக்கம்

1970களின் பிற்பகுதியில் ஜேர்மனியின் கோட்டிங்கன் நகரிலிருந்து ஓர் ஆய்வுக்கட்டுரை அமெரிக்காவின் 'சயன்ஸ்' சஞ்சிகைக்குப் போனது; போனபடியே திரும்பி வந்தது. கூடவே மதிப்பீட்டாளர் ஒருவரின் குறிப்பு. இவ்வளவு துணிச்சல் இல்லாத ஒரு விஞ்ஞானி என்றால் இந்த யோசனையைக் குப்பைக்கூடையில் போட்டிருப்பார் என்பது அதன் சாரம். எழுதிய கிளவுஸ் ஷூல்ட்டனுக்கு அப்போது முப்பதை ஒட்டிய வயது. இது ஒன்றில் பெரிய கண்டுபிடிப்பாக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் சுத்த மடத்தனமாக இருக்கவேண்டும் என்று தலையைச் சொறிந்து யோசித்ததாகப் பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். யோசித்து முடித்தவர், முதலாவதுதான் என்று தீர்மானித்து, ஜேர்மன் பௌதிக இரசாயனச் சஞ்சிகை ஒன்றில் அதை அச்சேற்றினார். 1978இல் வெளிவந்தது. மொத்தம் ஐந்து பக்கம். கூட எழுதியவர்கள் சார்ள்ஸ் சுவென்பேர்க், அல்பேர்ட் வெல்லர்.

கட்டுரை சொன்ன சங்கதி இதுதான்: ஒளி பட்டதும் நடக்கும் ஒருவகை இரசாயனத் தாக்கம் பூமியின் காந்தப்புலத்தை உணரக்கூடியது, வலசை போகும் பறவையின் உடலுக்குள் அப்படி ஒன்று நடந்தால் அதுவே அதன் திசைகாட்டி.

அந்த ஐந்து பக்கமும் போய்வந்த தூரத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். வன்னியில் இருந்துகொண்டு இதை எழுத ஒரு காரணம் உண்டு. அது பின்னால் வரும். இப்போதைக்கு இவ்வளவு: வாடைக்காற்று பிடித்ததும் சுண்டிக்குளத்திலும் நந்திக்கடலிலும் கொக்கிளாயிலும் வந்து இறங்குகிற கூட்டம் இந்தக் கட்டுரையோடு சம்பந்தப்பட்டது. மத்திய ஆசிய வலசைப் பாதை என்று சொல்லப்படுகிற வான்வழி தெற்கே முடிவது இந்தத் தீவில்தான். அதற்கப்பால் அந்தாட்டிக்கா வரை வெறும் கடல். கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மன்னாரில் கடற்புறாக்களின் முதுகில் ஜிபிஎஸ் கருவி பூட்டி விட்டார்கள். அவை வட ரஷ்யாவின் ஆர்க்டிக் கரைவரை போனதைக் கருவி காட்டியது. எப்படித் தெரியுது இதுகளுக்கு என்று கேட்டால், "வந்த வழி அதுகளுக்குத் தெரியாதே?" என்பார்கள் குளக்கட்டில் மாடு சாய்க்கிறவர்கள். ஆனால் பல சிறு குருவிகள் முதல் பயணத்தைத் தனியாக, இரவில் போகின்றன. அவற்றுக்கு வந்த வழி என்று ஒன்று கிடையாது.

கட்டுரை பிறந்த இடத்துக்குப் பறவையோடு எந்தத் தொடர்பும் இல்லை. கோட்டிங்கனில் உள்ள மாக்ஸ் பிளாங்க் உயிர்ப்பௌதிக இரசாயன நிறுவனத்தில் வெல்லரின் ஆய்வுகூடம், லேசர் ஒளியைப் பாய்ச்சி மிக வேகமான இரசாயனத் தாக்கங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஹாவார்டில் மார்ட்டின் கார்ப்ளஸிடம் கலாநிதிப் பட்டம் முடித்துக்கொண்டு 1974இல் அங்கே வந்து சேர்ந்த ஷூல்ட்டனுக்குக் கணக்குத்தான் கைவேலை. சில தாக்கங்களின் விளைவு, பக்கத்தில் காந்தம் இருந்தால் மாறுகிறது. ஏன் மாறுகிறது என்பதற்கு அவர் கணக்குப் போட்டார்.

இலத்திரன் ஒவ்வொன்றும் ஒரு நுண்ணிய காந்தம். மூலக்கூறுக்குள் பெரும்பாலும் அவை சோடி சோடியாக, ஒன்றின் காந்தத்தை மற்றது ஈடுசெய்தபடி இருக்கும். ஒளி விழுந்து ஓர் இலத்திரன் பக்கத்து மூலக்கூறுக்குத் தாவினால் சோடி பிரிகிறது. இந்தப் பக்கம் ஒரு தனி இலத்திரன், அந்தப் பக்கம் ஒன்று. உயர்தரத்தில் இரசாயனம் படித்தவர்களுக்குச் சுயாதீன மூலிகம் நினைவிருக்கும். பிரிந்த இரண்டினதும் சுழற்சி எதிரெதிராக இருந்தால் அவை திரும்பச் சேரலாம். ஒரே பக்கமாகத் திரும்பிவிட்டால் பழையபடி சேர வழியில்லை. தாக்கம் வேறு விளைபொருளில் போய் முடியும். இந்த இரண்டு நிலைக்கும் நடுவே அவை செக்கனுக்குப் பல மில்லியன் தடவை மாறி மாறிப் போகின்றன. அந்த மாற்றத்தின் தாளத்தில் கைவைப்பது பக்கத்து அணுக்கருக்களின் காந்தமும் வெளியே இருக்கிற காந்தப்புலமும். புலம் எந்தக் கோணத்தில் குறுக்கிடுகிறது என்பதைப் பொறுத்து எந்த விளைபொருள் எவ்வளவு வரும் என்பது மாறும்.

இதில் மதிப்பீட்டாளரை முகம் சுளிக்க வைத்தது எது என்று ஊகிக்கலாம். பூமியின் காந்தப்புலம் ஓர் இலத்திரனுக்குத் தருகிற சக்தி, சாதாரண வெப்பத்தில் மூலக்கூறுகள் குலுங்குகிற சக்தியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கும் வராது. அந்தக் குலுக்கலில் இது எங்கே எடுபடும்? ஷூல்ட்டனின் விடை: சோடி பிரிந்த முதல் ஒரு மைக்ரோ செக்கன் அளவுக்கு அந்தச் சுழற்சிகள் வெப்பக் குலுக்கலுக்குப் பிடி கொடுப்பதில்லை. துலாவை இழுத்துச் சாய்க்க ஓர் ஆளின் பலம் வேண்டும். சமநிலையில் நிற்கிற துலாவில் காகம் வந்து குந்தினாலே சாய்ந்துவிடும்.

கட்டுரை பிறந்த வீடு பௌதிகம் என்றாலும் அதற்குப் பறவையைக் காட்டித் தந்த இடம் பிராங்பேர்ட். அங்கே ஃபிரீட்ரிக் மேர்க்கலின் ஆய்வுகூடத்தில் ரொபின் குருவிகளைக் கூண்டில் வைத்திருந்தார்கள். வலசைக் காலம் வந்ததும் இந்தக் குருவிகள் இரவில் நித்திரை கொள்ளாமல் துள்ளித் திரியும். வானமே தெரியாத அறையில் வைத்தாலும் இலையுதிர் காலத்தில் துள்ளுவது தென்மேற்குப் பக்கம், அவை போகவேண்டிய பக்கம். மேர்க்கலின் மாணவர் வொல்ஃப்காங் வில்ச்கோ 1960களில் கூண்டைச் சுற்றிக் கம்பிச் சுருள் வைத்து மின்னோட்டம் விட்டு, காந்த வடக்கைத் திருப்பிப் பார்த்தார். குருவிகளும் திரும்பின.

துள்ளலை எண்ணும் விதம் எனக்குப் பிடித்தமானது. அமெரிக்காவில் எம்லன் என்ற தகப்பனும் மகனும் 1966இல் செய்த புனல் அது. புனலின் அடியில் மை தோய்ந்த தட்டு. சரிவில் வெள்ளைக் காகிதம். குருவி மேலே பாயப் பார்த்துச் சறுக்கி விழும். காகிதம் முழுக்கக் கால் தடம். எந்தப் பக்கம் தடம் அடர்த்தியோ அந்தப் பக்கம் அது போக நினைக்கிறது. பிறகு மைக்குப் பதில், தட்டச்சுப் பிழை அழிக்கிற வெள்ளைப்பூச்சுக் காகிதம் வந்தது. நகம் கீறிய கோடுகளை எண்ணினார்கள். தட்டச்சுப்பொறி ஒழிந்து அந்தக் காகிதமும் கிடைக்காமல் போக, இப்போது கடைச் சிட்டை அச்சடிக்கிற வெப்பக் காகிதத்தில் கீறுகிறது குருவி. அறுபது வருடமாக இந்தத் துறையின் பெரிய பெரிய முடிவுகள் எல்லாம் இந்தக் கீறலை எண்ணித்தான் வந்தன.

1972இல் வொல்ஃப்காங்கும் அவருடைய மனைவி ரொஸ்விதாவும் 'சயன்ஸ்' சஞ்சிகையில் எழுதியது ஷூல்ட்டனின் கட்டுரைக்கு முன்கூட்டியே போட்ட அத்திவாரம் என்று சொல்லவேண்டும். காந்தப்புலத்துக்கு இரண்டு குணம். கிடையாக வடக்கு நோக்கி இழுப்பது ஒன்று; நிலத்துக்குள் சாய்வது மற்றது. நடுவில் தொங்கவிட்ட காந்த ஊசி, மேலும் கீழும் அசைய இடம் கொடுத்தால், பிராங்பேர்ட்டில் 66 பாகை கீழே சாயும். வில்ச்கோ தம்பதி வடக்கை அப்படியே விட்டுவிட்டு இந்தச் சாய்வை மாத்திரம் தலைகீழாக்கினார்கள். ரொபின்கள் நேரெதிர்ப் பக்கம் திரும்பின. இரண்டையும் சேர்த்துத் தலைகீழாக்கியபோது பறவைகளுக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. ஆக, பறவைக்கு வடமுனை, தென்முனை என்பது விளங்காது. காந்தக் கோடு எந்தப் பக்கம் நிலத்துக்குள் இறங்குகிறது என்பதுதான் விளங்கும். அது துருவப் பக்கம், மற்றது மத்தியகோட்டுப் பக்கம்.

கப்பலில் இருக்கிற திசைகாட்டி இப்படி வேலை செய்யாது. இரும்புத் துகள் ஒன்று ஊசிபோலத் திரும்புவதென்றால் அதற்கு முனை தெரியும். இலத்திரன் சோடிக்கோ முனை தெரியாது. புலம் கிடக்கிற கோடு மட்டும் தெரியும். பிராங்பேர்ட்டின் குருவிகள் காட்டிய அந்த விநோதமான குணம், கோட்டிங்கனின் கணக்கில் தானாக வந்து விழுந்தது.

இவ்வளவு பொருத்தம் இருந்தும் கட்டுரை தூங்கியது. காரணம் நியாயமானது. பறவையின் உடலில் அந்தத் தாக்கத்தைச் செய்கிற மூலக்கூறு எது என்ற கேள்விக்கு ஷூல்ட்டனிடம் விடை இல்லை.

அவரும் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருக்கவில்லை. 1980இல் மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியராகப் போனார். உயிருள்ள பொருளின் அணுக்களை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்க்கக் கணினி வேண்டும், வாங்கக் கட்டாது. ஹெல்முட் குறூப்முல்லர், ஹெல்முட் ஹெல்லர் என்ற இரண்டு மாணவர்கள் கட்டித் தருகிறோம் என்றார்கள். ஆராய்ச்சிப் பணத்தை அந்தப் பெடியன்களை நம்பிக் கொடுத்தார். அறுபது செயலிகளைப் பிணைத்த அந்தக் கணினிக்கு ரி60 என்று பேர். 1988இல் இலினோய் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தபோது அதை முதுகுப்பையில் போட்டுக்கொண்டு அமெரிக்கச் சுங்கத்தைக் கடந்தார். அங்கே அவருடைய குழு எழுதிய என்ஏஎம்டி, விஎம்டி மென்பொருள்கள் இன்றைக்கு உலகம் முழுக்க உயிர்ப்பௌதிக மாணவர்களின் கையில். 2013இல் எச்.ஐ.வி. வைரசின் உள்ளுறையை 6 கோடி 40 லட்சம் அணுக்களோடு கணினியில் கட்டி நிறுத்தியதும் அந்தக் குழுதான். 2016 ஒக்டோபர் 31 அன்று ஷூல்ட்டன் காலமானார். பேர் வாங்கியது இந்தக் கணினி வேலையால். ஆனால் அவருடைய பேச்சுகளில் பறவை ஓயாமல் வந்து போனது. விட்ட இடத்துக்கு அவர் திரும்பியும் வந்தார்.

திரும்ப வைத்தது ஒரு களைச்செடி. தாவரவியலாளர்கள் அராபிடொப்சிஸ் என்ற சிறு செடியில் நீல ஒளியை உணர்கிற புரதம் ஒன்றை 1993இல் அடையாளம் கண்டார்கள். கிரிப்டோகுரோம் என்று பேர். பிறகு பூச்சியில், எலியில், மனிதரில் என்று தேடிய இடமெல்லாம் அது அகப்பட்டது. கண்ணின் விழித்திரையிலும் இருந்தது. அதே 1993இல் வில்ச்கோ தம்பதியும் அவுஸ்திரேலிய ஆய்வாளர்களும் இன்னொன்றைக் காட்டியிருந்தார்கள். சிவப்பு வெளிச்சத்தில் வைத்தால் வலசைக் குருவிக்குத் திசை தட்டுக்கெட்டுப் போகிறது. நீலத்திலும் பச்சையிலும் தெளிவாக இருக்கிறது. ஒளி வேண்டும், அதிலும் நீலப் பக்க ஒளி வேண்டும், கண்ணில் இருக்கவேண்டும், ஒளி பட்டதும் இலத்திரன் தாவவேண்டும். நான்கும் கிரிப்டோகுரோமில் இருந்தன. 2000ஆம் ஆண்டு ஷூல்ட்டன், மாணவர்களான தோஸ்ட்டன் றிட்ஸ், சாலிஹ் ஆதெம் ஆகியோருடன் சேர்ந்து அதை எழுதினார். அந்தக் கணக்கின்படி பறவை காந்தப்புலத்தைக் கண்ணால் பார்க்கிறது. பார்வைமேல் படிந்த ஒரு மங்கலான நிழல்கோலம் போல. தலையைத் திருப்பத் திருப்ப அந்தக் கோலம் நகரும். இருபத்திரண்டு வருடத் தூக்கம் அத்தோடு கலைந்தது.

எதிர்க்கட்சியும் உண்டு. காந்த இரும்புக்கல்லான மக்னரைற்றை உயிரினங்கள் தாமே செய்கின்றன என்பது 1962இல் கடற்பாறைகளில் ஒட்டி வாழும் ஒருவகை மெல்லுடலியின் பல்லில் முதலில் தெரியவந்தது. 1975இல் சேற்றுப் பக்ரீரியா ஒன்றுக்குள் அந்தத் துகள்கள் மாலையாகக் கோத்துக் கிடந்தன. பறவையிலும் ஆமையிலும் அதுவே வேலை செய்கிறது என்பது கலிபோர்னியாவின் ஜோசப் கேர்ஷ்விங்க் முதலானோரின் கட்சி. புறாவின் சொண்டில் இரும்புக் கலங்கள் இருக்கின்றன என்று கொஞ்சக் காலம் பெரிதாகப் பேசப்பட்டது. 2012இல் அவை நோயெதிர்ப்புக் கலங்கள், திசையோடு தொடர்பற்றவை என்று தெரிந்து கலைந்தது. ஆனால் எல்லா உயிருக்கும் ஒரே பொறி என்று நினைக்கத் தேவையில்லை. கடலாமைக் குஞ்சு கும்மிருட்டிலும் காந்தத் திசை பிடிக்கிறது. ஒளி வேண்டுகிற ஷூல்ட்டனின் பொறி அதற்குப் பொருந்தாது. முல்லைத்தீவுக் கரைமணலில் முட்டையிட வருகிற ஆமையும் அதே கடற்கரைக்குப் பின்னால் களப்பில் இறங்குகிற பறவையும் வெவ்வேறு கருவி வைத்திருக்கக்கூடும்.

கட்டுரைக்கு வந்த மிகக் கடினமான சோதனை வானொலி அலை. இலத்திரனின் சுழற்சிக்கு ஒரு சொந்த அதிர்வெண் உண்டு. ஐரோப்பாவின் காந்தப்புலத்தில் அது ஏறக்குறைய 1.3 மெகாஹேர்ட்ஸ். ஆகவே அந்த வட்டாரத்தில் மிக மெல்லிய அலை ஒன்றை விட்டால் சோடியின் தாளம் குழம்பவேண்டும். இரும்புத் துகளென்றால் அசையாது. 2004இல் றிட்ஸ், வில்ச்கோ தம்பதியோடு சேர்ந்து செய்து பார்த்தார். ரொபின்கள் குழம்பின.

அதைவிடப் பெரிய சாட்சி தற்செயலாகக் கிடைத்தது. ஜேர்மனியின் ஓல்டன்பேர்க் பல்கலைக்கழக வளவில் ஹென்றிக் மொறிட்சன் மரக் கொட்டில்களில் ரொபின்களை வைத்துப் பார்க்கிறார், திசையே பிடிக்கவில்லை. பல தடவை, பல காலம். கடைசியில் கொட்டிலின் உள்ளே அலுமினியத் தகடு அடித்து நிலத்தோடு இணைத்தார்கள். உடனே குருவிகள் சரியான பக்கம் துள்ளத் தொடங்கின. நகரத்து மின்கருவிகள் கசிய விடுகிற 50 கிலோஹேர்ட்ஸ் முதல் 5 மெகாஹேர்ட்ஸ் வரையான இரைச்சல்தான் குழப்பியது. இருபக்கமும் கண்கட்டிய சோதனையாக ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்பச் செய்து, 2014இல் 'நேச்சர்' சஞ்சிகையில் எழுதினார்கள்.

இதைப் படிக்கும்போது வன்னிக்காரருக்கு வேறொன்று நினைவுக்கு வரும். போர்க்காலத்தில் ஓமந்தைக்கு வடக்கே நீண்ட ஆண்டுகள் மின்சாரம் இல்லை. மின்கலமும் தடைப்பட்ட பொருள். சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு மிதிகட்டையைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலிச் செய்தி கேட்ட காலம். சனத்துக்கு அது எவ்வளவு கொடுமையென்று சொல்லத் தேவையில்லை. அந்த இரவுகளின் வானத்தில் ஓல்டன்பேர்க்கில் அகப்பட்ட மின்கருவி இரைச்சல் மிகவும் குறைவாகவே இருந்திருக்கும். பக்கத்தில் திருகோணமலையில் ஜேர்மன் வானொலியின் அஞ்சல் நிலையம் 1548 கிலோஹேர்ட்ஸ் மத்திய அலையில் ஒலித்துக்கொண்டிருந்தது. இலக்கம் அந்த வீச்சுக்குள்தான் வருகிறது. ஆனால் ஒற்றை அலைவரிசையும் அகன்ற இரைச்சலும் ஒன்றல்ல, இதை வைத்து எதுவும் முடிவு கட்டக்கூடாது.

முடிவு கட்டுவதில் நம்மவர்கள் கொஞ்சம் அவசரக்காரர். ஷங்கரின் '2.0' படம் 2018இல் வந்தபின் கைப்பேசிக் கோபுரம்தான் குருவிகளைக் கொல்கிறது என்று பள்ளிப் பிள்ளைகளும் சொல்கிறார்கள். ஷூல்ட்டன் வழிக் கோட்பாடு சொல்வது வேறு. குழப்பக்கூடிய அதிர்வெண்ணுக்கு ஒரு மேல் எல்லை உண்டு, அது நூற்றுச் சொச்சம் மெகாஹேர்ட்ஸ். ஓல்டன்பேர்க்கில் கருந்தொப்பிக் குருவிகளை வைத்துப் பார்த்தபோது 75 முதல் 85 மெகாஹேர்ட்ஸ் வரை குழம்பின; 140க்கு மேல் கொடுத்தபோது கவலைப்படாமல் திசை பிடித்தன. கைப்பேசி பேசுவது இதற்கெல்லாம் மிக மேலே, நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான மெகாஹேர்ட்ஸில். பறவைக்கு அது வேறு தீங்கு செய்கிறதா என்பது தனி விசயம். திசைகாட்டியைப் பொறுத்தவரை குற்றவாளி பழுதான மின்மாற்றியும் மலிவான மின்விளக்கும் ஆக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

2021இல் கட்டுரை சோதனைக் குழாய்க்குள் இறங்கியது. ரொபினின் கண்ணிலுள்ள கிரிப்டோகுரோம் 4 என்ற புரதத்தை ஓல்டன்பேர்க்கில் செய்தெடுத்து, ஒக்ஸ்போர்ட்டில் பீற்றர் ஹோரின் குழுவோடு சேர்ந்து காந்தப்புலத்தில் வைத்துப் பார்த்தார்கள். புலத்தை அது உணர்ந்தது. வலசை போகாத கோழியினதும் புறாவினதும் அதே புரதங்களை விடக் கூடுதலாக உணர்ந்தது. நாற்பத்துமூன்று வருடத்துக்கு முந்தைய கணக்கு கண்ணுக்கு முன்னால் நடந்தது என்று கொண்டாடலாம்; பலர் கொண்டாடினார்கள். ஆனால் குழாயில் கொடுத்த புலம் பூமியினதை விடப் பல மடங்கு பெரிது, குழாய்க்குள் பறவையும் இல்லை. இரண்டு வருடம் கழித்து, 2023இல், பழ ஈக்களை வைத்து இதே துறையில் முன்பு வந்த பேர்பெற்ற முடிவுகளை இன்னொரு குழு திரும்பச் செய்து பார்த்தது. ஏறத்தாழ ஒரு லட்சம் ஈக்கள். காந்தத்தின் அறிகுறி எதுவும் இல்லை. ஈக்குப் பொருந்தாவிட்டால் பறவைக்கும் பொருந்தாது என்று ஆகாது. என்றாலும் எனக்குப் பிடித்தது இந்த வகை நேர்மை. ஒரு லட்சம் ஈயைப் பிடித்து, ஒன்றுமில்லை என்று எழுதுவதற்கு ஒரு பொறுமை வேண்டும்.

இனி வன்னி.

பூமிக்கு நடுவில் மத்தியகோடு ஓடுவது போலக் காந்தத்துக்கும் ஒரு மத்தியகோடு உண்டு. அங்கே காந்த ஊசி கீழே சாயாது, கிடையாக நிற்கும். புவியியல் மத்தியகோடு இலங்கைக்குத் தெற்கே கடலில் போக, காந்த மத்தியகோடு இந்தப் பக்கத்தில் வடக்கே வளைந்து இந்தியாவின் தென்முனையையும் இந்தத் தீவையும் குறுக்கறுக்கிறது. கேரளத்தின் தும்பாவில் ரொக்கெற் தளம் அமைத்து 1963 நவம்பர் 21 அன்று முதல் ரொக்கெற் விட்டார்களே, தும்பாவைத் தெரிந்தெடுத்த காரணம் இந்தக் கோட்டின் அண்மைதான். கோடு ஆண்டுக்காண்டு கொஞ்சம் நகரும். என்றாலும் நம் காலத்தில் வவுனியாவிலோ மாங்குளத்திலோ முல்லைத்தீவிலோ ஊசியைத் தொங்கவிட்டால் சில பாகைக்கு மேல் சாய்வதைக் காண்பது அரிது.

66 பாகை சாய்வில் பிறந்து வளர்ந்த கோட்பாட்டுக்கு இது மிகச் சங்கடமான இடம். பறவை பார்ப்பது சாய்வை மாத்திரம் என்றால், சாய்வே இல்லாத இடத்தில் துருவப் பக்கம் எது, மத்தியகோட்டுப் பக்கம் எது? காந்தக் கோடு வடக்கு தெற்காகக் கிடக்கிறது என்று தெரியும். எந்தத் தொங்கல் வடக்கு என்று தெரியாது. ஆய்வுகூடத்தில் செயற்கையாகக் கிடைப்புலம் கொடுத்தபோது ரொபின்கள் அப்படியேதான் திண்டாடின. ஆனால் வில்ச்கோ தம்பதி 1992இல் தோட்டக் கதிர்க்குருவிகளை வைத்துச் செய்த ஒன்று இன்னும் சுவையானது. ஐரோப்பாவிலிருந்து மத்தியகோட்டைத் தாண்டி ஆபிரிக்காவின் தெற்குக்குப் போகிற குருவி அது. கிடைப்புலத்தில் சில நாள் வைத்திருந்து பழைய புலத்துக்குத் திருப்பிக் கொண்டுவந்தபோது, முன்பு மத்தியகோட்டுப் பக்கம் துள்ளியவை இப்போது துருவப் பக்கம் துள்ளின. கோட்டைத் தாண்டிவிட்டோம், இனித் தெற்கே போவதென்றால் துருவத்தை நோக்கியே போகவேண்டும் என்று உடலுக்குள் ஏதோ ஒன்று புரட்டிப் போட்டிருக்கிறது.

நம் ஊருக்கு வருகிற குருவிகளில் இதைக் கேட்கப் பொருத்தமானது ஆறுமணிக்குருவி. இமயமலையின் அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் குஞ்சு பொரித்து, புரட்டாதி ஐப்பசியில் இரவிரவாகப் பறந்து தெற்கே வரும். களைத்து வந்து வீட்டுத் தாழ்வாரத்தில், பள்ளிக்கூட யன்னலில் மோதி விழுகிறது இந்தக் காலத்தில்தான். கையில் எடுத்தால் உள்ளங்கை நிறைய இருக்கும். முதுகு பச்சை, வயிறு மஞ்சள், வாலின் அடியில் குங்குமச் சிவப்பு, கண்ணுக்குக் குறுக்கே மை தீட்டியதுபோல ஒரு கறுப்புப் பட்டை. அரை மணி இருட்டான பெட்டியில் வைத்துவிட்டால் பெரும்பாலும் தெளிந்து பறந்துவிடும். அடுத்த நாள் விடியப்புறமும் பின்னேரமும் வளவின் மூலையில் இரண்டு சுரத்தில் கூப்பிடத் தொடங்கும்.

அது புறப்பட்ட இமயமலை அடிவாரத்தில் சாய்வு ஏறத்தாழ 45 பாகை. தெற்கே வர வரச் சாய்வு படிப்படியாகக் குறைந்து, இங்கே பூச்சியத்தை அண்மிக்கிறது. ஷூல்ட்டனின் கணக்குச் சரியென்றால் ஆறுமணிக்குருவியின் கண்ணில் படிந்த அந்த நிழல்கோலம் வரும் வழியெல்லாம் உருமாறிக்கொண்டே வந்திருக்கவேண்டும். கோலத்தின் இரண்டு தொங்கலும் ஒரே மாதிரியாகிப் போகிற இடமே அதற்கு, இறங்கு, வந்துவிட்டது என்கிற அடையாளமாக இருக்கலாம். இது முழுக்க என் ஊகம். தீவு முடிந்து கடல் தெரிவதாலேயே அவை நின்றுவிடுவதாகவும் இருக்கலாம்.

உண்மையான சிக்கல் பங்குனி சித்திரையில் வருகிறது. ஆறு மாதம் சாய்வில்லாத நிலத்தில் இருந்த குருவி, வடக்கே புறப்படுகிற முதல் இரவில் எதைப் பார்த்துத் திசை பிடிக்கும்? நட்சத்திரமும் சூரியன் மறைகிற பக்கமும் பறவைகளுக்கு உதவுவது ஏற்கெனவே தெரிந்ததுதான். மேகம் மூடிய இரவில் சாய்வுத் திசைகாட்டி ஒன்றும் சொல்லாது. வடக்கா தெற்கா என்று குழம்பி இருபக்கமும் சமமாகத் துள்ளுமானால் அது ஷூல்ட்டனுக்குச் சாதகமான சாட்சி. குழம்பாமல் வடக்கே துள்ளுமானால் பறவைக்கு முனை தெரிகிற வேறொரு கருவியும் இருக்கவேண்டும். கேர்ஷ்விங்க் கட்சி சந்தோசப்படும். ஐரோப்பாவில் இந்தக் கேள்வியைக் கேட்கக் கம்பிச் சுருளால் கிடைப்புலத்தைச் செய்ய வேண்டியிருக்கிறது. இங்கே அது கிடக்கிற நிலம்.

செய்வதற்குப் பெரிய வசதி தேவையில்லை. பம்பைமடுவில் வவுனியாப் பல்கலைக்கழகம் இருக்கிறது. 2021 ஓகஸ்ட் முதலாந் திகதி தனிப் பல்கலைக்கழகமாகியது. நகரத்திலிருந்து தள்ளி ஒரு மரக் கொட்டில், உள்ளே அலுமினியத் தகடு, வெப்பக் காகிதம் ஒட்டிய புனல். ரொபின் 17 கிராம் அளவு, ஆறுமணிக்குருவி அதன் மூன்று மடங்கு. புனலைப் பெரிதாகச் செய்யவேண்டும். சாய்வை 45 பாகைக்குத் தூக்கி ஒப்பிட்டுப் பார்க்கக் கம்பிச் சுருள் ஒன்றும் வேண்டும். வன்னியில் புலத்தின் வலிமை ஏறத்தாழ 40 மைக்ரோ ரெஸ்லா, ஐரோப்பாவைவிடக் குறைவு. அதனால் குழப்பிப் பார்க்கிற அலையையும் 1.3இலிருந்து 1.1 மெகாஹேர்ட்ஸுக்கு இறக்கவேண்டும். வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதிதான் மாதக்கணக்கில் இழுக்கும். செப்புக் கம்பிக்குக் கொழும்புக்குப் போகத் தேவையில்லை, தண்ணீர் மோட்டர் சுற்றுகிற எந்தக் கடையிலும் நிறுத்துத் தருவார்கள். குருவிக்குச் சாப்பாடு மண்புழு.